ஊரடங்கு வாடகை பாக்கி, வாசலில் ஃபிரான்சைஸ்காரர்: மெஸ் நடத்தும் நண்பருக்கு ஒரு பதில்

2021 அக்டோபரில் எழுதிய பதில் இது. மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, கூடவே வக்கீல் நோட்டீஸ், ஃபிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் உரிமை) ஒப்பந்த வரைவு, ஒரு நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 44. அப்பா காலத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக் கட்டடத்தில் டிபன், சாப்பாடு மெஸ். 32 பேர் உட்காரலாம். மாத வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000. 2012இல் போட்ட பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுத்தில் எதுவும் இல்லை. 2020 ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் வாடகை தரவில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை பாதிதான் கொடுத்தார். 2021இல் இரண்டாம் அலையில் மே, ஜூன் இரண்டு மாதம் மறுபடியும் தரவில்லை. ஆக ஏழு மாத வாடகை, 1,26,000 ரூபாய் பாக்கி. உரிமையாளர் இத்தனை நாள் பெரிதாகக் கேட்கவில்லை. இப்போது பல ஊர்களில் கிளை வைத்த ஒரு பிரியாணி சங்கிலிக் கடைக்காரர்கள் அதே இடத்துக்கு 40,000 தருவதாகச் சொன்னதும், செப்டம்பர் 27ஆம் தேதி நோட்டீஸ் வந்து விழுந்திருக்கிறது: 24 சதவீத வட்டியோடு பாக்கியைக் கட்டு, 15 நாளில் காலி செய்.

இதற்கு நடுவில் இன்னொரு உணவகச் சங்கிலியின் முகவர் வந்து, “உங்கள் மெஸ்ஸையே எங்கள் பிராண்டாக மாற்றிவிடலாம், ஓனரிடமும் நாங்களே பேசுகிறோம்” என்று வரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தீபாவளிக்குள் கையெழுத்துப் போட்டால் கட்டணத்தில் தள்ளுபடியாம். “ஊரடங்கு காலத்து வாடகையை அரசாங்கமே தள்ளுபடி செய்துவிட்டதே, அதை எப்படிக் கேட்க முடியும்? கோர்ட்டுக்குப் போகலாமா, இல்லை வீட்டம்மாவின் நகையை வைத்து ஃபிரான்சைஸ் எடுத்துவிடலாமா?” இதுதான் அவருடைய கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்று. 15 நாள் என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தூக்கம் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸ் என்பது வக்கீல் எழுதிய கடிதம், அவ்வளவுதான். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் உங்களை வெளியே அனுப்ப முடியாது. பூட்டுப் போடவும் முடியாது, கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் நீங்கள்தான் புகார் கொடுக்கப் போகிறீர்கள். ஆனால் நோட்டீஸில் வேறொரு கெடு ஒளிந்திருக்கிறது. அது 15 நாளைவிட முக்கியம், கீழே வருகிறேன்.

இரண்டாவது, உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. வாடகைத் தகராறு ஒன்று, ஃபிரான்சைஸ் இன்னொன்று. முதலாவதிலிருந்து தப்பிக்க இரண்டாவதில் குதிக்கப் பார்க்கிறீர்கள். முகவர் சரியாக இந்த நேரம் பார்த்து வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் சொல்லப் போவதெல்லாம் இதுதான்: இந்த மாதம் வாடகையை மட்டும் முடியுங்கள். வரைவை மடித்து மேசை டிராயரில் போட்டு வையுங்கள்.

வாடகை தள்ளுபடி ஆனதா?

ஆகவில்லை. இந்தத் தவறான எண்ணம் உங்களுக்கு மட்டும் இல்லை. கடந்த ஒன்றரை வருஷத்தில் என்னிடம் வந்த கடைக்காரர்களில் பாதிப் பேர் இதையே சொன்னார்கள். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது உண்மை. வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளர்களிடம், குறிப்பாக வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களிடம், ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றது அது. கடை வாடகையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. டி.வி.யில் ஓடிய ஒரு வரிச் செய்தி வாய்வழியாகச் சுற்றி வந்து ‘மூன்று மாத வாடகை கிடையாது’ என்று ஆகிவிட்டது.

‘கடை மூடியிருந்ததே, அனுபவிக்காத இடத்துக்கு எதற்கு வாடகை’ என்ற வாதத்தையும் நீதிமன்றம் பார்த்துவிட்டது. தில்லி கான் மார்க்கெட்டில் ஒரு கடை வாடகைதாரர் இதையே கேட்டுப் போனார். ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்திவைக்க முடியாது என்று 2020 மே 21 அன்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருந்தால் அது வேறு. இல்லாவிட்டால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். தீ, வெள்ளம் போன்றவற்றால் இடம் அழிந்து, நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் குத்தகையை முடித்துக்கொள்ளலாம் என்கிறது அது. உங்கள் மெஸ் அப்படியே இருக்கிறது, நீங்களும் உள்ளேயே இருக்கிறீர்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு ஊரடங்கிலும் உணவகங்களுக்குப் பார்சல் அனுமதி இருந்தது. 2021 மே 24இல் மளிகைக் கடையைக்கூட மூடச் சொல்லி, காய்கறி வண்டியில் தெருவுக்கு வந்தபோதும், காலை, மதியம், இரவு என்று நேரம் பிரித்துப் பார்சல் விடச் சொன்னார்கள். ஜூன் மாதம் 27 மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்து, கோவைப் பக்கம் ஏழும் நம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையும் சேர்ந்த 11 மாவட்டங்களை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். ஜூலை 5 முதல்தான் பாதி இருக்கைகளோடு உட்கார்ந்து சாப்பிட விட்டார்கள். அந்த நாட்களில் நீங்களும் வீட்டம்மாவும் பார்சல் போட்டீர்கள் என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நானும் மனசுக்குள் கை தட்டினேன். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அந்த வரி கிடைத்தால், ‘கடை நடந்ததே’ என்பார்.

‘சென்னை மால்களில் பெரிய சங்கிலிக் கடைகளுக்கெல்லாம் வாடகையைத் தள்ளினார்களே’ என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளினார்கள். சிலருடைய ஒப்பந்தத்தில் இயற்கைப் பேரிடர், அரசுத் தடை வந்தால் என்ன செய்வது என்ற ஷரத்து இருந்தது. மற்றவர்களுக்கு, ‘முப்பது கடையையும் காலி செய்துவிடுவோம்’ என்று சொல்லும் தெம்பு இருந்தது. நிலையான வாடகைக்குப் பதிலாக விற்பனையில் இத்தனை சதவீதம் என்று மாற்றி எழுதிக்கொண்டவர்களும் உண்டு. உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கடைகளை மூடிவிட்டு, அடுப்பும் பார்சல் ஜன்னலும் மட்டும் வைத்த சின்னக் கடைகளுக்கு மாறினார்கள். வாடகை குறைந்த சிற்றூர்களைத் தேடினார்கள். உங்கள் கட்டடத்துக்கு 40,000 தர ஆள் வந்ததும் இந்த மாற்றத்தின் ஒரு துண்டுதான். சட்டம் எல்லாருக்கும் ஒன்று. பேரம் பேசும் பலம்தான் ஆளுக்கு ஆள் வேறு.

உரிமையாளர் உங்களுக்கு அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். “இப்ப அத விடுங்க தம்பி, ஊரு சரியாகட்டும், அப்பறம் பேசிக்குவோம்.” இதைத் தள்ளுபடி என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது தவணையாகத்தான் காதில் விழுகிறது. ஒருவர் தமக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்கலாம், ஒப்பந்தச் சட்டம் 63ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் ‘விட்டேன்’ என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இருந்தாலும் அதை அழிக்காதீர்கள். 24 சதவீத வட்டி கேட்பதற்கு எதிராக அது நல்ல ஆயுதம். தாமதத்துக்கு அவரே சம்மதித்திருக்கிறார் என்று காட்டலாம். போனை மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய அதற்கென்று ஒரு சான்றிதழ் வேண்டும், அசல் போன் இருந்தால் வேலை சுலபம்.

அப்புறம் அட்வான்ஸ். ‘1,50,000 அவரிடம் கிடக்கிறதே, பாக்கி அதைவிடக் குறைவுதானே, கழித்துக்கொள்ளட்டும்’ என்கிறீர்கள். நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது திரும்ப வரும் பணம். அவர் சம்மதித்தால் கழிக்கலாம். நீங்களாகக் கழித்துக்கொண்டு ‘பாக்கி இல்லை’ என்று பதில் எழுதினால், அது பாக்கிதாரர் எழுதிய பதிலாகவே நிற்கும்.

அப்பா காலத்து வாடகைதாரர் என்ற பலம்

‘முப்பது வருஷமாக இருக்கிறோம், லேசில் காலி பண்ண முடியாது’ என்று யாரோ உங்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் நடப்பது 2017ஆம் வருஷத்துப் புதுச் சட்டம். இதில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் போட இரு தரப்பும் தவறினால் அதையே காரணமாக வைத்து உரிமையாளர் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்களிடம் 2012 காகிதத்தைத் தவிர ஒன்றுமில்லை. உங்கள் உண்மையான பலவீனம் வாடகை பாக்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் கணக்கில் இந்த ஒப்பந்தமில்லாத நிலைமைதான் அதைவிடப் பெரிய ஓட்டை.

இதில் ஒரு கேள்வி, கடிதத்தில் இல்லாதது: கட்டடம் நிற்கும் மனை யாருடையது? நம் டெல்டா ஊர்களில் கட்டடம் ஒருவர் பெயரிலும் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாகவும் இருப்பது சகஜம். கும்பகோணத்தில் ஒரு தெரு முழுக்கவே அப்படிப் பார்த்திருக்கிறேன். மனை கோயிலுடையது என்றால் உங்கள் ‘ஓனரே’ இன்னொருவரின் குத்தகைதாரர். அறநிலையத்துறைச் சட்டம் குறுக்கே வரும், அவர் யாருக்கு வேண்டுமானாலும் 40,000க்கு விட்டுவிட முடியுமா என்பதும் கேள்வியாகும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். செலவு சொற்பம், விவரம் பெரிது.

சரி, அந்தக் கெடு என்ன? இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வெளியேற்றக் காரணம். ஆனால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு உரிமையாளரிடம் கொடுத்துவிட்டால், அல்லது நீதிமன்றத்தில் கட்டிவிட்டால், அந்தக் காரணத்தின் பேரில் வெளியேற்ற முடியாது. இந்தச் சலுகையைத் திரும்பத் திரும்ப வாங்கவும் முடியாது, மறுபடி பாக்கி வைத்தால் போச்சு. உங்களுக்கு நோட்டீஸ் வந்தது செப்டம்பர் 27. ஆக அக்டோபர் 27 புதன்கிழமை கடைசி நாள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 25ஆம் தேதி திங்களன்றே முடித்துவிடுவேன்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக, ‘2020, 2021 வாடகை பாக்கி, நோட்டீஸின்படி’ என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். வாங்க மறுத்தால் அதையே பதில் நோட்டீஸில் எழுதி, டெபாசிட் செய்யும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. 24 சதவீதத்துக்கு உங்கள் 2012 ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, அதை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. எந்த வீதத்தில் வட்டி போட்டால் பாதுகாப்பு என்பதை உள்ளூரில் ஒரு வக்கீல் கணக்குப் போட்டுத் தருவார், பதில் நோட்டீஸையும் அவரே அனுப்பட்டும். கட்டணம் பயமாக இருந்தால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

1,26,000க்கு எங்கே போவது? முத்ரா கடனில் 2020 பிப்ரவரி 29 அன்று 3 லட்சம் நிலுவை இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிறு தொழில்களுக்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று 2020 மே மாதம் வந்தது. அந்தத் தேதி நிலுவையில் 20 சதவீதம், உங்கள் கணக்கில் 60,000 வரை, தனி அடமானம் இல்லாமல் தருவதாக 2020இல் அறிவித்தார்கள். நீங்கள் அதை வாங்கவே இல்லை என்று தெரிகிறது. திட்டத்தை 2022 மார்ச் 31 வரை நீட்டியிருக்கிறார்கள், உங்கள் வங்கி மேலாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். மாரட்டோரியம் வாங்கிய ஆறு மாதத்துக்கு வட்டியே கிடையாது என்று நினைத்திருந்தீர்கள். அது தவணையைத் தள்ளிப்போட்ட சலுகை மட்டும்தான், வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்றுதான் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் மாதம் சொன்னது. மீதிப் பணத்துக்கு நகை வைப்பதென்றால், ஃபிரான்சைஸுக்கு வைப்பதைவிட இதற்கு வைக்கலாம். தொகை சின்னது, எதற்குக் கட்டுகிறோம் என்றும் தெரியும்.

பாக்கியைக் கட்டிவிட்டு உரிமையாளரோடு உட்காருங்கள். பாக்கிதாரராக உட்காருவதற்கும் கட்டி முடித்தவராக உட்காருவதற்கும் வித்தியாசம் உண்டு. 18,000 இந்தக் காலத்துக்குக் குறைவுதான், அதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள். வாடகையைக் கொஞ்சம் ஏற்றித் தருகிறேன், மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவோம் என்று கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வரட்டும்: அரசு உத்தரவால் கடையை மூட நேர்ந்தாலோ, உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தாலோ அந்த நாட்களுக்கு வாடகை பாதி. மாலில் கடை போட்டவர்களிடம் இருந்த அந்தக் காகிதம் இனி உங்களிடமும் இருக்கும்.

40,000 என்ற எண்ணோடு போட்டி போட வேண்டாம். கும்பகோணத்தில் என் கட்சிக்காரர் (கிளையன்ட்) ஒருவர் பழைய வாடகைதாரரைக் காலி செய்துவிட்டு ஒரு சங்கிலிக் கடைக்கு இரட்டை வாடகைக்கு விட்டார். பெயர் வேண்டாம். எட்டு மாதம். தரையைக் கொத்தி, புகைபோக்கிக்குச் சுவரை ஓட்டை போட்டு, கடைசி மூன்று மாத வாடகையைத் தராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது, புறா கூடு கட்டியிருக்கிறது. எல்லாச் சங்கிலிக் கடைகளும் இப்படி இல்லை. ஆனால் முப்பது வருஷம் இருந்த ஆளுக்கு ஒரு விலை உண்டு என்பது உங்கள் உரிமையாளருக்கும் தெரியாமல் இருக்காது. அது தெரிந்ததால்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தார்.

டிராயரில் இருக்கும் வரைவு

ஃபிரான்சைஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொழில் தெரியாதவருக்கு அது தொழில் கற்றுக்கொடுக்கும். உங்களுக்குத் தொழில் தெரியும். இந்த வரைவு உங்களுக்கு என்ன தருகிறது, என்ன எடுத்துக்கொள்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன்.

கட்டணம் 5 லட்சம், திரும்ப வராது. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90,000. உள் அலங்காரம் 4 லட்சம், அதுவும் உங்கள் செலவு. விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி, அதாவது அவர்கள் பெயரைப் பயன்படுத்துவதற்கு மாதாமாதம் தரும் பங்கு. இலாபத்தில் இல்லை, விற்பனையில். முகவர் கொடுத்த வண்ணத்தாளில் நாள் விற்பனை 15,000 ஆகும், மாதம் 60,000 நிற்கும் என்று போட்டிருக்கிறது. வரைவில் அந்த எண் எங்குமே இல்லை. அதற்குப் பதிலாக 22ஆம் ஷரத்தில், இந்தப் பத்திரத்தில் எழுதியதைத் தவிர வேறு எந்த வாக்குறுதியும் செல்லாது என்று இருக்கிறது. நாள் விற்பனை இப்போதுபோல 6,000த்திலேயே நின்றால் மாதம் 10,800 ராயல்டி. விற்பனை விழுந்தாலும் குறைந்தபட்ச ராயல்டி மாதம் 10,000. ஊரடங்கு வந்தால்? அதற்கும் ஒரு ஷரத்து வைத்திருக்கிறார்கள்: பெருந்தொற்று, அரசுத் தடை வந்தால் கம்பெனி சரக்கு அனுப்பாமல் இருக்கலாம். நீங்கள் 10,000 கட்டாமல் இருக்கலாம் என்று எழுதவில்லை. ஊரடங்கு வாடகைக்காக இத்தனை அவஸ்தைப்படும் நீங்கள் இந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிவிட்டீர்கள்.

மூன்று வருஷத்துக்குள் விலகினால் 3 லட்சம் அபராதம். பத்திரத்தில் எழுதிய தொகையை அப்படியே வசூலித்துவிட முடியாது, ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் அதைச் சொல்லி வாதாட நீங்கள் பெங்களூருக்குப் போக வேண்டும், தகராறு வந்தால் அங்கேதான் மத்தியஸ்தம் என்று போட்டிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் நீங்கள் உணவகம் நடத்தக் கூடாதாம். முடிந்த பிறகான அந்தத் தடை அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது, பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் ஓடும் காலத்தில் போடும் தடை செல்லும். குளிர்பானக் கம்பெனி வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது ஒப்பந்தம் ஓடும் ஐந்து வருஷத்துக்கு அப்பாவின் பெயரில் பக்கத்துத் தெருவில்கூட ஓர் இட்லிக் கடை போட முடியாது.

ஏமாற்றிவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம். வியாபாரத்துக்காக வாங்கும் சேவைக்கு அங்கே இடமில்லை. சுயதொழிலில் பிழைப்பவர் என்ற விலக்கைக் காட்டி நுழையப் பார்க்கலாம், ஆனால் வாசலிலேயே ஒரு வருஷம் போய்விடும். ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதம்தான் சட்டம்.

14ஆம் ஷரத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ‘வாடிக்கையாளர் விவரங்கள் அனைத்தும் நிறுவனத்தின் சொத்து.’ நீங்கள் அனுப்பிய நோட்டுப் புத்தகப் படத்துக்கு இப்போது வருகிறேன். இரண்டாம் அலையில் உங்கள் வீட்டம்மா எழுதிவைத்த கணக்கு. பேர், தெரு, போன் நம்பர், பக்கத்தில் ‘சர்க்கரை இல்லாமல்’, ‘காரம் கம்மி, பாட்டிக்கு’, ‘4 இட்லி, மாடியில் வைக்கவும், கீழே பாசிட்டிவ்’. இப்படி 140 வீடுகள். அவர்களில் பாதிக்கு மேல் இப்போதும் போன் போட்டு வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய சங்கிலிக் கடைகள் செயலியும் விளம்பரமும் போட்டு, பணத்தைக் கொட்டித் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான். கையெழுத்துப் போட்ட அன்று அந்த நோட்டு அவர்களுடையது.

செயலி வழியாக விற்பது

இதைப் பற்றி ஒரே வரிதான் கேட்டிருந்தீர்கள், கணக்கையும் அனுப்பியிருந்தீர்கள். 80 ரூபாய் பொங்கல்-வடைக்கு 22 சதவீதக் கமிஷன் 17.60. அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3.17. உங்கள் கைக்கு 59.23, பார்சல் டப்பா தனி. புது ஆட்களுக்கு உங்களை அறிமுகப்படுத்தும் செலவாக நினைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோட்டில் இருக்கும் 140 வீடுகளையும் செயலிக்குப் போகச் சொல்லி நீங்களே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது எனக்குப் புரியவில்லை. அதைக் கிழித்துவிட்டு உங்கள் நம்பரையும் க்யூஆர் கோடையும் ஒட்டுங்கள்.

2021 செப்டம்பர் 17ஆம் தேதி லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் முடிவுப்படி, 2022 ஜனவரி 1 முதல் செயலி வழி விற்கும் உணவுக்கு 5 சதவீத வரியைச் செயலிக்காரர்களே வசூலித்துக் கட்டுவார்கள். ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குக் கீழே இருக்கிற உங்களைப் போன்றவர்களின் சாப்பாட்டுக்கும் செயலியில் வாங்கினால் வரி சேரும், கடையில் வாங்கினால் சேராது. நேராகப் போன் போடுங்கள் என்று சொல்ல இது இன்னொரு காரணம். கூடவே ஒரு எச்சரிக்கை: நாள் 6,000, வருஷம் 330 நாள் என்றால் 19,80,000. விளிம்பில் நிற்கிறீர்கள். தீபாவளிப் பலகாரமும் ஐப்பசிக் கடைசி நாள் காவிரிக் கடைமுக நீராடல் கூட்டமும் சேர்ந்தால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். தாண்டும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் நீங்கள் வைத்திருப்பது 100 ரூபாய்ப் பதிவு. 2021 விதிப்படி அது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரைதான். உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும். யாராவது புகார் எழுதினால், அதுவும் இந்தத் தகராறு நேரத்தில், முதலில் கைவைப்பது அங்கேதான்.

கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பாக, ‘ஃபிரான்சைஸ் எடுத்தாலும் அப்பா பெயர் போட்ட பழைய போர்டை உள்ளே ஒரு ஓரமாக மாட்டிக்கொள்ளலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். வரைவுப்படி முடியாது. கம்பெனி சின்னத்தைத் தவிர வேறு பெயர்ப் பலகை கூடாது என்று 9ஆம் ஷரத்து சொல்கிறது. அந்தப் பெயரை நீங்கள் இதுவரை வணிகச் சின்னமாகப் பதியவும் இல்லை. உணவகச் சேவைக்கு 43ஆம் வகுப்பில், தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். வாடகை விவகாரம் முடிந்ததும் தீபாவளி வரவிலிருந்து அதைக் கட்டிவிடுங்கள். வீட்டம்மாவின் நோட்டைப் படம் பிடித்து வேறொரு போனிலும் ஏற்றி வையுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் பக்கத்தின் மேலே சாம்பார் கொட்டி, ஆறு நம்பர்கள் படிக்க முடியாமல் போயிருக்கின்றன.